சோழவரம் லாரியும் நான் தவறாக நடத்திய பாடமும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு சாவகாசமாகப் படியுங்கள். பாதியில் தூக்கம் வந்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆறாவது பீரியடில் உங்களைத் தூங்கவிட்டுப் பாடம் நடத்தியவன்தானே நான்.

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டீர்கள். "சார், தோப்புல நிக்கிற மிலிட்டரி லாரி என்ன ஆச்சு?" லாரி எழுந்துவிட்டது. இரண்டரை வருட வேலை. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், நாற்பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு, அதன் எஞ்சின் இருமி, புகையைக் கக்கி, ஓடியது. தெருவே கூடிவிட்டது. புகைப்படங்கள் கீழே இருக்கின்றன.

ஆனால் பெருமை பேசுவதற்காக இதை எழுத உட்காரவில்லை. ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருக்கிறது. வாத்தியார் தப்பாக நடத்திய பாடத்தை வாத்தியாரே திருத்துவதுதான் முறை.

எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டாம் உலகப் போர் பாடம் வந்தால் உங்களை வரிசையாக எங்கள் தோப்புக்கு அழைத்துப் போவேன். புளியமரத்தடியில் நிற்கும் அந்த லாரியைத் தட்டிக் காட்டி, "இது நம்ம சோழவரம் ஏரோடிரோமில் வெள்ளைக்காரன் குண்டு ஏற்றிய வண்டி. போர் முடிந்து போகும்போது என் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். தாத்தாதான் இதை இருபது வருஷம் ஓட்டினார்" என்பேன். நீங்களும் வாயைப் பிளந்து கேட்பீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் இதைச் சொன்னேன். அந்த மூன்று வாக்கியமும் தப்பு.

முதலில், தப்பில்லாத பகுதியைச் சொல்லிவிடுகிறேன்.

1942 ஏப்ரல் மாதம் சென்னைக்குக் கெட்ட காலம். ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ஆம் தேதி திருகோணமலை. அடுத்தது சென்னைதான் என்று பேச்சு. அரசு அலுவலகங்களை உள்ளூர்ப் பக்கம் மாற்றினார்கள். மக்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றார்கள். கடைசியில் சென்னைமேல் குண்டு விழுந்தது 1943 அக்டோபரில். வந்தது ஒரே ஒரு விமானம். பெரிய சேதமில்லை.

அந்தப் போர்க் காலத்தில் போடப்பட்டதுதான் நம் சோழவரம் விமான ஓடுதளம். 1944-இல் பிரிட்டிஷ் விமானப் படையின் ப்யூஃபைட்டர் அணிகள் இங்கே தங்கியிருந்தன. போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, தளம் மட்டும் வெயிலில் காய்ந்தது. 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியவர்களின் கண்ணில் அது பட்டது. அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல், 1980-களின் கடைசி வரை, பிப்ரவரி வந்தால் நம் ஊர் கார் ரேஸ் ஊர். விஜய் மல்லையாவும் கரிவரதனும் சீறிக்கொண்டு போனதைச் சுவரேறிப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் வந்த பிறகு சோழவரம் அமைதியாகிவிட்டது. இதெல்லாம் சரியான வரலாறு. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்தச் சரியான வரலாற்றின் மேல் என் குடும்பக் கதையை நான் ஏற்றி வைத்ததுதான் தப்பு.

லாரியைச் சரிசெய்யும் எண்ணம் எனக்கு முதலில் இல்லை. என் மகன்தான், "அப்பா, தோப்பைச் சுத்தம் பண்ணணும். கும்மிடிப்பூண்டி உருக்காலைக்கு இரும்பு எடுக்கிற காயலான்கடைக்காரர் வந்து பார்த்துட்டார். கிலோ கணக்கில் போட்டு நல்ல விலை சொல்றார்" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். தரையில் புதைந்து, கேபினுக்குள் வேப்பங்கன்று முளைத்து, பாம்பு குடியிருக்கும் வண்டி. நான் ஒரு வாரம் கேட்டேன். அந்த வாரத்தில் ஒருநாள் கேபின் கதவைத் திறந்து, டேஷ்போர்டில் இருந்த சின்னத் தகரப் பட்டையைத் துணியால் துடைத்தேன். எழுத்து தெரிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆஃப் கனடா, ஓஷாவா, ஒன்டாரியோ. மாடல்: சி 60 எல்.

முப்பது வருடம் பாடம் நடத்திய நான், அந்தப் பட்டையை அதுவரை ஒரு தடவைகூடத் துடைத்துப் படித்ததில்லை. வண்டி இங்கிலாந்தில் செய்தது என்றே நினைத்திருந்தேன்.

பேத்தியின் உதவியோடு தேடிப் படித்ததில் விஷயம் பிடிபட்டது. போருக்காக கனடா எட்டு லட்சத்துக்கும் மேல் ராணுவ வண்டிகளைச் செய்து கொடுத்தது. அதில் பாதியளவு இந்த ரகம். கனடியன் மிலிட்டரி பேட்டர்ன் என்று பெயர். ஃபோர்டும் செவர்லேயும் போட்டிக் கம்பெனிகள். ஆனாலும் போருக்காக ஒரே வடிவத்தில் செய்தார்கள். சி என்றால் செவர்லே. 60 என்றால் அறுபது ஹண்ட்ரட்வெயிட், அதாவது மூன்று டன். எல் என்றால் நீளமான சேஸிஸ். நான்கு சக்கரமும் இழுக்கும். மூக்கு சப்பையாக இருக்கும், ஏனென்றால் எஞ்சினில் பாதி கேபினுக்குள், டிரைவரின் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும். கப்பலில் இடத்தை மிச்சம் பிடிக்க வண்டியைக் குட்டையாக்கியதன் விளைவு. அந்தச் சூட்டில் உட்கார்ந்து ஏப்ரல் வெயிலில் ஓட்டியவனை நினைத்துப் பாருங்கள். முன் கண்ணாடி மேல்பக்கம் வெளியே சாய்ந்து, தலைகீழாக மாட்டியதுபோல இருக்கும். அதற்கும் காரணம் உண்டு. வெயில் பட்டுப் பளபளத்தால் மேலே பறக்கும் எதிரி விமானத்துக்குத் தெரிந்துவிடும். அதனால் கண்ணாடியைத் தரையைப் பார்க்கவைத்தார்கள்.

இந்த வண்டிகள் பிரித்து மரப்பெட்டிகளில் அடுக்கிக் கப்பலில் வந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இலேயே பம்பாய் சேவ்ரியில் பூட்டும் கூடம் வைத்திருந்தது. இங்கே பூட்டி, ராணுவத்துக்குக் கொடுத்தார்கள். இம்பால், கோஹிமா போர்களில் சோறும் குண்டும் சுமந்தவை இவற்றின் சகோதரர்கள்தான்.

இதைப் படித்ததும் காயலான்கடைக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றேன். மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். பென்ஷன் பணத்தை இரும்பில் கொட்டப்போகிறார் என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சில்லை. அது தனிக் கதை.

முதல் வேலையே உயிரை எடுக்கப் பார்த்தது. டயர்கள் மக்கிப் போயிருந்தன. சக்கரத்தைச் சுற்றி வட்டமாகப் பன்னிரண்டுக்கு மேல் நட்டுகள். நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகிக் கழற்ற ஆரம்பித்தோம். அப்போது கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பைக் நின்றது. "சார், அதைத் தொடாதீங்க!" என்று ஒரு குரல்.

காரனோடை பக்கம் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கும் ஒருவர். என் பழைய மாணவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தம்பி என்றே எழுதுகிறேன். அவர் வந்து குந்தி உட்கார்ந்து காட்டினார். "சார், இது ரெண்டு துண்டு ரிம்மு. உள்பக்கம் இருக்கிற நட்டுதான் சக்கரத்தை வண்டியோட பிடிச்சிருக்கு. வெளி வட்டத்து நட்டு ரெண்டு ரிம்மையும் சேர்த்துப் பிடிச்சிருக்கு. டியூப்ல காத்து இருக்கும்போது வெளி நட்டைக் கழட்டினா ரிம்மு பிச்சுக்கிட்டு வந்து முகத்துல அடிக்கும். ஆளே போயிடுவாங்க. மிலிட்டரியில அந்த நட்டுக்கு சிவப்பு பெயிண்ட் அடிச்சிருப்பாங்க."

எமரித்தாளால் தேய்த்துப் பார்த்தோம். அடியில் சிவப்பு.

ஐம்பது வருடம் கழித்து டியூபில் காற்று எங்கே இருக்கப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். நான்கில் ஒன்றில் இருந்தது. வால்வை அமுக்கியதும் புஸ்ஸென்று வந்த சத்தத்தை நான் மறக்க மாட்டேன்.

"உனக்கு எப்படிடா இதெல்லாம் தெரியும்? இந்த வண்டியெல்லாம் நீ பார்த்திருக்கவே முடியாதே" என்றேன்.

அவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க தாத்தா சொல்லிக் கொடுத்தது சார். இது எங்க தாத்தா ஓட்டுன வண்டி."

எனக்குப் புரியவில்லை. என் தாத்தா ஓட்டிய வண்டியை இவர் தாத்தா எப்படி ஓட்டினார்? ஏதோ ஒருநாள் ஓட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு பேச்சை மாற்றிவிட்டேன். அவரும் விட்டுவிட்டார். மறுநாளிலிருந்து பட்டறை வேலை முடிந்ததும் தினமும் ஆறு மணிக்கு மேல் வந்து வேலை செய்தார். கூலி பேசவில்லை. கொடுத்தாலும் வாங்கவில்லை.

வேலை போகப் போக, வண்டியே என் பாடத்தைத் திருத்த ஆரம்பித்தது.

பானெட்டைத் திறந்தோம். அந்த ரகத்துக்கு உரியது செவர்லேயின் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 85 குதிரைத்திறன். உள்ளே இருந்ததோ பெர்கின்ஸ் பி6 டீசல் எஞ்சின். நம் மவுண்ட்ரோடு சிம்சன் கம்பெனி 1950-களில் சென்னையிலேயே தயாரித்தது. அந்தக் காலத்தில் பழைய பெட்ரோல் லாரி வைத்திருந்தவர்கள் பலர் செய்த காரியம் இது. ராணுவத்துக்குப் பெட்ரோல் செலவு ஒரு பொருட்டில்லை. செங்கல் அடிக்கிறவனுக்குக் கட்டுப்படியாகாது. பழைய எஞ்சினைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு டீசலை உட்காரவைப்பார்கள்.

வயரிங்கிலும் இரண்டு காலம் தெரிந்தது. துணி சுற்றிய பழைய வயர்கள் ஆறு வோல்ட்டுக்கானவை. அவற்றை வெட்டிவிட்டு, மேலேயே பன்னிரண்டு வோல்ட் வயர் ஓட்டியிருந்தார்கள்.

பெயிண்டைத் தேய்த்தபோது இன்னும் வேடிக்கை. மேலே நீலம். அதன் கீழே இன்னொரு நீலம். அதன் கீழே செங்காவி ப்ரைமர். கடைசியில்தான் ராணுவப் பச்சை. ராணுவப் பச்சை ஒரு கை. அதற்குமேல் நீலம் மட்டும் மூன்று இடங்களில் மூன்று கை. மரம் வெட்டினால் வளையத்தை எண்ணுவதுபோல எண்ணிப் பாருங்கள். அந்த வண்டி ராணுவத்தில் இருந்தது நான்கைந்து வருடம் என்றால், நம் ஊர் மண்ணில் உழைத்தது இருபத்தைந்து வருடம். நான் உங்களுக்குச் சொன்னதெல்லாம் அந்த ஒரு கைப் பச்சையைப் பற்றி மட்டும். பின்பக்கப் பலகையின் நீலத்தில் மங்கலாக "கள்ளிமரக் கதவு போல..." என்றெல்லாம் ஏதாவது எழுதியிருக்கும் என்று பேத்தி ஆசையோடு தேடினாள். "ஹாரன் அடிக்கவும்" என்று மட்டும் இருந்தது.

சந்தேகம் வந்துவிட்டது. பொன்னேரியில் இருக்கும் என் அத்தையிடம் போனேன். எண்பத்தேழு வயது. காது மந்தம், ஞாபகம் கத்தி.

"அத்தை, நம்ம லாரியை ஏரோடிரோம் வெள்ளைக்காரன் தாத்தாவுக்குக் கொடுத்தானா?"

"யாருப்பா சொன்னது? வெள்ளைக்காரன் சும்மா கொடுப்பானா? ஆவடியில மிலிட்டரி சாமானை ஏலம் விட்டாங்க. எங்க நைனாவும் இன்னும் ரெண்டு பேரும் பங்கு போட்டு எடுத்தாங்க. எங்கம்மா சங்கிலி போச்சு அதுல. பெட்ரோலா குடிக்கும். குடிகார வண்டின்னு அம்மா திட்டுவாங்க."

"தாத்தா அதை எத்தனை வருஷம் ஓட்டினார்?"

அத்தை சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு. "நைனாவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதேப்பா."

அப்புறம் சொன்னார். ஓட்டியது யார் என்று. நம் ஊர்க் காலனியிலிருந்து ஒருவர். 1942-இலோ 43-இலோ ராணுவத்தில் சேர்ந்து, டிரைவிங் கற்று, வடகிழக்கு எல்லை வரை லாரி ஓட்டி, போர் முடிந்து காக்கி நிக்கரோடு ஊர் திரும்பியவர். ஏலத்தில் எந்த வண்டியை எடுப்பது என்று பார்த்துச் சொன்னதே அவர்தான். ஆவடியிலிருந்து சோழவரத்துக்கு ஓட்டி வந்ததும் அவர்தான். அப்போது நம் பக்கத்துக் கிராமங்களில் லாரி ஓட்டத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

அவர்தான் தம்பியின் தாத்தா.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இடம் நம் புத்தகங்களில் ஒரு வரிகூட வராத இடம். 1939-இல் இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். 1945-இல் அது 25 லட்சம். எல்லோரும் தாங்களாகச் சேர்ந்தவர்கள். அதற்கு முன்பு வெள்ளைக்காரன், போர்க் குலங்கள் என்று வடக்கே சில சாதிகளைப் பிரித்துவைத்திருந்தான். சென்னை மாகாணத்து ஆட்களைப் போருக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கி, பழைய மெட்ராஸ் படைப்பிரிவுகளைக் கலைத்தும்விட்டிருந்தான். போர் முற்றியதும் அந்தக் கொள்கை காற்றில் போயிற்று. புதிய போருக்குத் துப்பாக்கி பிடிக்கிறவனைவிட டிரைவரும் ஃபிட்டரும் வயர்லெஸ்காரனும் அதிகம் தேவை. தெற்கிலிருந்து ஆயிரமாயிரமாக எடுத்தார்கள். மாட்டு வண்டி மட்டுமே ஓட்டிய பையன்களுக்குச் சில மாதங்களில் மூன்று டன் லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். உருது மொழியை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாடம் நடத்தினார்கள். தினம் ஒரு பகுதி என்று முறை வைத்து வண்டியைச் சோதிக்கப் பழக்கினார்கள். இன்று பிரேக், நாளை ஸ்டியரிங், மறுநாள் டயர் என்று.

திமாப்பூரிலிருந்து இம்பாலுக்குப் போகும் மலைச்சாலை இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாதாளம், மழைக் காலத்தில் எல்லாம் சேறு. அந்தச் சாலையில்தான் இவர்கள் லாரி ஓட்டினார்கள். தளபதி ஸ்லிம்மின் பெயர் எல்லோருக்கும் தெரியும். கியர் போட்டவன் பெயர் யாருக்குத் தெரியும்?

போர் முடிந்து இவர்கள் ஊர் திரும்பியபோது கூடவே இன்னொன்றும் வந்தது: மிஞ்சிப்போன வண்டிகள். 'டிஸ்போசல்' என்ற சொல் அப்போது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. டிஸ்போசல் பூட்ஸ், டிஸ்போசல் கம்பளி, டிஸ்போசல் லாரி. போர்க் காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு கரி வாயுவில் ஓடின நம் பஸ்கள். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். 1946-க்குப் பிறகு டிஸ்போசல் லாரிகள் சந்தைக்கு வந்தபோது, அவற்றின்மேல் பாடி கட்டிப் பஸ்ஸாக்கினார்கள், செங்கல் லாரியாக்கினார்கள், தண்ணீர் வண்டியாக்கினார்கள். வண்டி வாங்கப் பணம் வைத்திருந்தவர்களின் பெயர் கம்பெனிப் பெயராகக் கதவில் ஏறியது. வண்டியை உயிரோடு வைத்திருந்த கைகள் ராணுவம் பழக்கிய கைகள். அந்தக் கைகளின் பெயர் எங்கும் ஏறவில்லை.

எங்கள் லாரியும் அப்படித்தான். கொசஸ்தலை ஆற்று மணல், சூளைச் செங்கல், அறுவடைக் காலத்தில் செங்குன்றம் ரைஸ் மில்லுக்கு நெல், ரேஸ் நடக்கும் சமயத்தில் ஏரோடிரோமுக்குச் சவுக்குக் கம்பு. அந்தக் கம்பு ஏற்றிக்கொண்டு போனதுதான் அந்த வண்டி ஏரோடிரோமுக்குள் போனதற்கு ஒரே சாட்சி. அதுவும் போர் முடிந்து பத்து வருடத்துக்கு அப்புறம்! அந்த வருமானத்தில்தான் எங்கள் வீடு மாடி வீடானது. என் அப்பா காலேஜ் போனார். நான் வாத்தியார் ஆனேன்.

பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒரு சாமான் ஞாபகம் வந்தது. எங்கள் மாட்டுக்கொட்டகைத் தூணில் ஒரு ஆணி. அதில் ஒரு அலுமினிய டம்ளர் தொங்கும். நான் சின்னப் பையனாக இருக்கும்போது பார்த்திருக்கிறேன். அதை நாங்கள் யாரும் தொட மாட்டோம். காலையில் லாரி எடுக்க ஒருவர் வருவார். பாட்டி மேலிருந்து காபி ஊற்றுவார். அவர் குடித்துவிட்டு, தானே கழுவி, ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். அவர் முகம் எனக்கு ஞாபகத்துக்கு வரவே மாட்டேன் என்கிறது. டம்ளர் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எத்தனை வகுப்புகளில் அரசியல் சட்டம் பதினேழாவது பிரிவை நடத்தியிருக்கிறேன்! தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று போர்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அந்த டம்ளரைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. தாத்தா ஓட்டினார் என்று வீட்டில் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆனால் வரலாற்று வாத்தியார் வேலையே, வீட்டில் சொன்னதைக் கேள்வி கேட்பதுதானே?

கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது, வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். தாத்தா வேட்டி சட்டையில் மட்கார்டுமேல் கை வைத்து நிற்பார். அன்றிரவு அதைக் கழற்றித் துடைத்து, விளக்கடியில் பார்த்தேன். கேபினுக்குள் ஸ்டியரிங் பிடித்து ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பாதி முகம் நிழலில். அறுபது வருடமாகத் தினமும் அந்தப் போட்டோவின் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

மறுநாள் மாலை தம்பி வந்ததும் கேட்டேன். "நீ எட்டாவதில் இருக்கும்போது உங்க வகுப்பையும் தோப்புக்கு அழைத்து வந்தேனா?"

"ஆமா சார். தொண்ணூத்திரண்டுல."

"நான் என் தாத்தா ஓட்டினார் என்று சொன்னேனா?"

"சொன்னீங்க சார்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேடா?"

அவர் இன்ஜெக்டரைத் துடைத்துக்கொண்டே, "நீங்க வாத்தியார் சார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டுக்குப் போய் ஆயா கிட்ட சொன்னேன். அதை விடுறா, வண்டி இன்னும் நிக்குதான்னு கேட்டாங்க" என்றார். அதற்குமேல் நாங்கள் அன்று எதுவும் பேசவில்லை.

இனி வேலை விவரம் கேட்பவர்களுக்கு. எஞ்சின் ஜாமாகி இருந்தது. ஆறு இன்ஜெக்டர்களையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றிப் பதினைந்து நாள் ஊறவைத்தோம். ஃப்ளைவீலைக் கடப்பாரையால் நெம்பி, முன்னே அரை அங்குலம், பின்னே அரை அங்குலம் என்று ஆட்டி ஆட்டி நான்காவது நாள் ஒரு முழுச் சுற்று வந்தது. டீசல் டேங்குக்குள் ஜல்லியும் சங்கிலியும் போட்டு உருட்டித் துருவை உதிர்த்தோம். ரப்பர் சாமான்கள் ஒன்றுகூடத் தேறவில்லை. புதுப்பேட்டையில் மூன்று நாள் அலைந்து வேறு வண்டிகளின் பிரேக் ரப்பரில் அளவு ஒத்துவருவதைப் பொறுக்கி எடுத்தார் தம்பி. கிடைக்காத புஷ்களை லேத்தில் கடைந்துகொண்டார். கேபின் தரை முழுக்க ஓட்டை. தகரம் வெட்டிப் பற்றவைத்தோம்.

கடைசியாக ஒரு சண்டை வந்தது. என்ன கலர் அடிப்பது?

என் மைத்துனர் மகன் பழைய வண்டிகள் சேர்ப்பவர். "மாமா, ராணுவப் பச்சை அடிச்சு, வெள்ளை நட்சத்திரம் போட்டு, பெட்ரோல் எஞ்சினையே தேடிப் போட்டா, கண்காட்சியில் முதல் பரிசு. டீசல் எஞ்சின் இருந்தால் ஒரிஜினல் இல்லை என்பார்கள்" என்றார். அவர் சொன்னதும் சரிதான். அந்தக் கலையில் அதுதான் சட்டம்.

நான் இரண்டு நாள் யோசித்தேன். ஒரிஜினல் என்றால் எந்த வருடத்து ஒரிஜினல்? ஓஷாவா தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று இருந்ததா? அன்று அதை எனக்குத் தெரியாது, நம் ஊருக்கும் தெரியாது. நம் ஊருக்குத் தெரிந்தது நீல லாரி. டீசல் எஞ்சினைப் போடவைத்ததும், ஆறு வோல்ட்டைப் பன்னிரண்டாக்கியதும், ரிம்மின் சிவப்பை மறக்காமல் பேரனுக்குச் சொல்லிவைத்ததும் ஒரே ஆள். பச்சை அடித்தால் அவருடைய இருபத்தைந்து வருடத்தை எமரித்தாளால் தேய்த்து எடுத்ததாகும். ஒருமுறை நான் வாயால் அதைச் செய்துவிட்டேன். கையாலும் செய்ய வேண்டாம் என்று தோன்றியது.

நீலமே அடித்தோம். இடது கதவின் உள்பக்கம் மட்டும் ஒரு சாண் அளவு தேய்க்காமல், பழைய அடுக்குகள் தெரியும்படி விட்டிருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் எண்ணிப் பார்க்கலாம்.

வலது கதவில், டிரைவர் பக்கம், வெள்ளை எழுத்தில் அவர் பெயரும், கீழே 'டிரைவர், 1947 முதல் 1974 வரை' என்றும் எழுதச் சொன்னேன். தம்பி முதலில் வேண்டாம் என்றார். பிறகு வீட்டில் கேட்டு வருகிறேன் என்று போனார். கதவில் எழுதலாம், ஃபேஸ்புக்கில் போட வேண்டாம் என்று பதில் வந்தது. அதனால்தான் கதவு தெரியும் போட்டோவை நான் போடவில்லை. பெயர் பார்க்க விரும்புகிறவர்கள் நேரில் வர வேண்டும்.

ஸ்டார்ட் பண்ணிய அன்று ஸ்டியரிங்கில் தம்பிதான் உட்கார்ந்தார். அவருடைய அம்மாவும் வந்திருந்தார், அந்த டிரைவரின் மகள். கேபினைப் பார்த்து, "எங்கப்பா இந்தச் சூட்டுலயா உக்காந்திருந்தாரு" என்றார். எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து காபி குடித்தோம். இதைப் பெரிய சாதனையாக எழுதவில்லை. எழுபது வருடம் தாமதமாக நடந்த சாதாரண காரியம். தாமதத்தையும் சேர்த்து எழுதினால்தான் வரலாறு.

வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் இல்லை. ரோட்டில் ஓட்ட மாட்டோம். தோப்புக்குள்ளேயே கேட்டிலிருந்து கிணறு வரைக்கும் ஓடும். சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டத் தம்பி தயாராக இருக்கிறார்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு பழைய போட்டோ இருக்கும். முன்னால் நிற்பவரை எல்லோருக்கும் தெரியும். பின்னால், ஓரத்தில், பாதி நிழலில் இருப்பவர் யார் என்று வீட்டில் இருக்கும் வயதானவர்களிடம் கேளுங்கள். அத்தைமார்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

எட்டாம் வகுப்பு நோட்டில் அந்த மூன்று வாக்கியத்தை எழுதிவைத்திருப்பவர்கள் தயவுசெய்து அடித்துவிட்டு, சிவப்பு மையில் 'திருத்தம்' என்று போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
சோழவரம்